ஆனால்வரை வாசித்தவர்

உலகத்தில் அறிஞர்கள் பலவிதம், வாசகரே. வாசித்து அறிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. வாசிக்காமலே அறிந்தவர்கள் இருக்கிறார்கள்; அவர்கள் வாய் திறந்தாலும் ஒருவரும் நம்புவதில்லை. இந்த இரண்டு கூட்டத்தாலும் ஊருக்குக் கரைச்சல் கிடையாது. நான் இன்றைக்குப் பிடித்துவந்து உங்கள் முன்னால் நிறுத்தப்போவது மூன்றாவது இனத்தை. பாதி வாசித்தவர். அரைப்பக்க அறிஞர்.

அவரை நீங்கள் கண்டிருக்கிறீர்கள். கலியாண வீட்டில் ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல இரண்டாம் வரிசையில் இருந்துகொண்டு அதற்குப் பொருள் சொல்பவர் அவர். செத்த வீட்டில், செத்தவர் என்ன நோய் வருத்தத்தால் செத்திருக்கவே முடியாது என்று அவரின் பெண்சாதிக்கு விளங்கப்படுத்துபவர் அவர். பஸ் பழுதாகி நடுக்காட்டில் நின்றால், சாரதி எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்க, வெளியே பயணிகளைச் சுற்றிவர நிறுத்தி எஞ்சின் என்றால் என்ன என்று பாடம் எடுத்து, கடைசியில் பஸ் வெளிக்கிட்டதும் அதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பவர் அவர். சும்மா இருக்கும்போது ஆளைப் பிடிக்கவே முடியாது. மற்ற மனிதரைப்போல வேட்டி கட்டுவார், வெற்றிலை போடுவார், தும்முவார். உள்ளே படுத்திருக்கும் அரைப்பக்கம் எழும்பி, தன்னைப்போல இன்னும் பத்துப்பேரை உண்டாக்கப் புறப்படும்போதுதான் வாயிலிருந்து சில வசனங்கள் வெளியே வரும். முதலில் வருவது "அது அப்பிடியில்லை." அதன் பின்னால் "விளங்குதோ?" எல்லாம் முடிந்தபிறகு, மேலே போர்த்திக்கொள்ளும் சட்டையாக, "நான் அப்பவே சொன்னனான்." இந்த ஒழுங்கு மாறி நான் கண்டதில்லை.

இந்த இனத்தின் நல்ல மாதிரி ஒன்று வேண்டுமென்றால், ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தொன்பதாம் ஆண்டுக் கடைசியில் நீங்கள் கிளிநொச்சிக்குப் போயிருக்கவேண்டும். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் குடியேற்றத்திட்டம் ஒன்றில், மூன்று ஏக்கர் வயலோடும் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் என்ற உத்தியோகத்தோடும் பரமலிங்கம் வாழ்ந்துகொண்டிருந்தார். வடமராட்சியிலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர். காட்டை வெட்டியது மற்றவர்கள்தான். அவர் பக்கத்தில் நின்று, மரம் எந்தப் பக்கம் விழும் என்று சொன்னவர். இரண்டு தரம் சரியாகவும் சொன்னார்.

சங்கக்கடையில் மிளகாய் இருந்தது. ஆனாலும் மனேச்சர் தன் வீட்டுக்கு மிளகாய் வாங்குவது சந்தியில் இருந்த லாபிரின் கடையில். ஏன்? சங்கக்கடையில் சாமானைச் சாக்குக் கடதாசியில் கட்டிக் கொடுப்பார்கள். அதில் வாசிக்க ஒன்றும் இராது. தண்ணீரூற்று என்ற ஊரிலிருந்து வந்து கடை போட்ட லாபிரோ வவுனியாவில் பழைய பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாக வாங்கிவந்து, ஒவ்வொரு தாளையும் இரண்டாகக் கிழித்துச் சுருள் சுற்றுபவர். அந்தச் சுருள்தான் பரமலிங்கத்தாரின் சர்வகலாசாலை. முழுப் பத்திரிகையையே வாங்கலாமே என்பீர்கள். முழுதாக வாங்கினால் முழுதாக வாசிக்கவேண்டி வருமல்லவா?

அந்த வருடம் ஆடியில், மனிதர் நிலவில் போய் இறங்கிய செய்தி மல்லிச் சுருளில் அவர் கையில் கிடைத்தது. திரும்பி வந்த செய்தி வேறு யாருடைய சீரகத்தோடோ போய்விட்டது. பரமலிங்கத்தார் அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாள் சங்கக்கடை விறாந்தையில் ஓர் அஞ்சலிக் கூட்டம் வைத்து, அந்த வீரர்களின் பெண்சாதி பிள்ளைகளுக்கு அனுதாபம் தெரிவித்து, இரண்டு நிமிட மௌனமும் கடைப்பிடிக்கச் செய்தார். "அவை திரும்பி வந்திட்டினமாம், ரேடியோவில சொன்னவங்கள்" என்று பின்னுக்கிருந்து வீரகத்தி மெல்லச் சொன்னார். "அது அப்பிடியில்லை" என்று தொடங்கிய மனேச்சர், உலகத்து மக்கள் பதற்றப்படாமல் இருக்க அரசாங்கங்கள் இப்படித்தான் சொல்லும் என்பதை முக்கால் மணித்தியாலம் விளங்கப்படுத்தினார். வீரகத்தி பக்கத்து வயல்காரர், பாவம், மாட்டுக்குத் தண்ணி வைக்கவேண்டும் என்று சொல்லவும் வாய் வராமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவ ஒருத்தி வீட்டில் இருந்தா. பத்மாசனி, மனேச்சரின் பெண்சாதி. அதிகம் பேசமாட்டா. அவவின் தமக்கை கமலாசனிக்குப் பத்து வருடத்துக்கு முதல் மார்பில் ஒரு கட்டி வந்தது. அப்போது மனேச்சரிடம் வாயுத் தொல்லை பற்றிய அரைப்பக்கம் ஒன்று இருந்தது. கட்டியும் வாயுதான் என்று நாலு மாதம் உள்ளித்தைலம் பூசினார்கள். பிறகு யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனபோது, ஏன் இவ்வளவு நாள் என்று டொக்டர் கேட்டார். கமலாசனி விட்டுப்போன ஒரே மகள் இரஞ்சிதத்தைத் தன் பிள்ளையாக வளர்த்தா பத்மாசனி. அந்த உள்ளித்தைலத்தைப்பற்றிப் புருசனிடம் ஒருநாளும் ஒரு சொல் கதைத்ததில்லை. மறந்ததும் இல்லை.

இரஞ்சிதத்துக்கு நேர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்துக் கடிதம் வந்திருந்தது. வருகிற திங்கட்கிழமை காலை யாழ்ப்பாணத்தில் நிற்கவேண்டும். பாதுகாவலர் கையெழுத்து வைத்த பிணைமுறி ஒன்றும் கையில் இருக்கவேண்டும். பாதுகாவலர் யார்? சித்தப்பா பரமலிங்கம். அவளோ பத்து நாளாகக் காய்ச்சலில் கிடந்து எழும்பியிருந்தாள். காய்ச்சல் விட்டாலும், கழுத்தின் இரண்டு பக்கமும் நெல்லிக்காயளவு வீக்கம் இன்னும் வற்றவில்லை. திங்கட்கிழமைக்குள் வற்றிவிடும் என்று பத்மாசனி நேர்த்தி வைத்திருந்தா.

நேர்த்தி வைத்த அடுத்த நாள், புதன்கிழமை, மிளகாய்ச் சுருள் வந்து சேர்ந்தது.

அதில் இருந்தது இதுதான். ஆபிரிக்கப் பிள்ளைகளின் தாடையில் வரும் ஒருவகைப் புற்றுக் கழலையில் ஒரு வைரசைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். உதட்டில் கொப்புளம் போடும் வைரசின் குடும்பத்தைச் சேர்ந்தது. எச்சிலாலும் தொற்றக்கூடும். உடம்பின் கலங்களுக்குள் புகுந்து சத்தமில்லாமல் கிடக்கும். எழும்பித் தன்னைப்போலப் பிரதி பண்ணத் தொடங்கும்போதுதான் தனக்கேயுரிய சில புரதங்களைச் செய்யும். அந்தப் புரதங்களை வைத்துத்தான் அதை அடையாளம் காணலாம். எப்படி? நோயாளியின் இரத்தத்திலிருந்து வடித்த நீரை அந்தக் கலங்களின் மேல் விட்டு, ஒருவிதச் சாயத்தையும் சேர்த்து, விசேட வெளிச்சத்தின் கீழ்ப் பார்த்தால், புரதம் இருக்கிற இடம் மஞ்சள்பச்சையாக ஒளிரும். கடைசி வரி: "நோயாளிகள் அனைவரினதும் குருதிநீர் இவ்வாறு ஒளிர்ந்தது. ஆனால்"

அதோடு தாள் கிழிந்திருந்தது.

உங்களுக்கும் எனக்கும் என்றால் மனம் அந்தக் கிழிந்த ஓரத்திலேயே நிற்கும். பரமலிங்கத்தார் அப்படிப்பட்டவரல்ல. ஆனால் என்பதற்குப் பின்னால் வருவதெல்லாம் எழுதுகிறவர்கள் இடத்தை நிரப்பப் போடும் சாமான் என்பது அவருடைய நெடுநாள் முடிவு. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, குசினி வாசலில் நின்ற இரஞ்சிதத்தின் கழுத்தைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். பிறகு கழுத்தை.

"புற்றுநோய் வைரசு" என்றார், பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல.

பிணைமுறியில் கையெழுத்து வைக்கமாட்டேன் என்றுவிட்டார். வைரசைச் சுமந்து திரிகிற பிள்ளையை என் கையெழுத்தோடு ஆசுப்பத்திரிக்குள் அனுப்பினால் நாளைக்கு நாடு என்னையல்லவா கேட்கும் என்றார். இரஞ்சிதம் அழவில்லை. டொக்டரிடம் காட்டிக் கேட்போம் சித்தப்பா என்றாள். டொக்டர்மார் பழைய புத்தகம் படித்தவர்கள், இது புதுச் சங்கதி, விளங்குதோ என்று கேட்டார் அவர்.

அடுத்ததாக வீட்டில் பருப்பு நின்றது. புரதம் என்றால் பருப்பு, முட்டை, நெத்தலி என்று சுகாதாரப் பகுதியார் ஒட்டிய படத்தில் அவர் எப்போதோ பாதி பார்த்திருந்தார். வைரசு புரதம் செய்கிறது. ஆகவே வீட்டில் புரதத்துக்கு இடமில்லை. முட்டை இடுகிற கோழியைக்கூட வீரகத்தி வீட்டில் கொண்டுபோய் விடச் சொன்னார். பத்மாசனி பருப்புப் பேணியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தா.

"இஞ்சருங்கோ, அது தானே பருப்புச் செய்யுதெண்டால் நாங்கள் ஏன் கடையில வாங்கிறம்?"

மனேச்சருக்கு இது பதில் சொல்லத்தக்க கேள்வியாகத் தெரியவில்லை. அவருடைய மனம் சோதனைக்குப் போய்விட்டது. பிள்ளைக்கு வைரசு இருக்கிறது என்பதை ஊரறிய நிரூபித்தால்தானே ஊர் அறியும்? இரத்தம் எடுக்க ஒருவரும் விடமாட்டார்கள்; ஆனபடியால் எச்சில். சாயத்துக்கு மஞ்சள்; அதைக் காயத்துக்குப் போடும் ஸ்பிரிட்டில் ஊறவைத்தார். விசேட வெளிச்சத்துக்கு, வயிற்றுமருந்து வந்த நீலப் போத்தலை உடைத்து ஒரு துண்டு எடுத்தார். சங்கக்கடைக் களஞ்சியத்தின் யன்னல்களைச் சாக்கால் மறைத்து, தகரக் கூரையில் ஆணி போன ஓட்டையில் நீலத் துண்டை வைத்துத் தார் பூசினார். சனிக்கிழமை பத்து மணி வெயில் அதற்குள்ளால் இறங்கி, கோதுமைமா மூட்டைகளுக்கு நடுவில் நீலக் கயிறு கட்டித் தொங்கவிட்டதுபோல நின்றது. சொல்லத்தான் வேண்டும், பார்க்க நன்றாக இருந்தது.

ஊர் முழுக்க வந்தது. சனிக்கிழமை வேறென்ன வேலை? லாபிர் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். முதலில் இரஞ்சிதம். எல்லாருக்கும் முன்னால் சிரட்டையில் துப்பச் சொன்னபோது அந்தப் பிள்ளையின் முகம் கறுத்துப்போனதைப் பத்மாசனி பார்த்தா. மனேச்சர் ஒரு கரண்டி மஞ்சள்சாயம் ஊற்றிச் சிரட்டையை நீல வெளிச்சத்துக்குள் தள்ளினார். சிரட்டைக்குள் பச்சையாக ஒளிர்ந்தது. மின்மினியை நசித்துப் பூசியதுபோல, அப்படி ஒரு பச்சை.

"நான் அப்பவே சொன்னனான்" என்றார் மனேச்சர்.

சனம் ஒரு அடி பின்னால் போனது. வீரகத்தி மட்டும் ஒரு அடி முன்னால் வந்தார். வற்றாப்பளைக் கோயிலில் அம்மனுக்கு உப்புத்தண்ணியில் விளக்கெரிகிறதைக் கண்ட எனக்கு எச்சில் எரிகிறது ஒரு புதினமோ, என்னுடையதையும் ஒருக்கால் பாருங்கோ மனேச்சர் ஐயா என்று துப்பினார். அதுவும் ஒளிர்ந்தது. லாபிர் துப்பினார், ஒளிர்ந்தது. பிறகு பார்க்கவேண்டுமே! எனக்கு, எனக்கு என்று ஆட்கள் வரிசையில் நின்றார்கள். சிரட்டை முடிந்து தேங்காய் உடைத்தார்கள். ஒருவருடைய எச்சில் மற்றவருடையதைவிடக் கூடப் பச்சை என்று இரண்டு சகலன்மாருக்குள் வாய்த்தர்க்கம் வந்தது. இவ்வளவு பேருக்கும் வைரசா என்று ஒருவரும் பயப்படவில்லை. எல்லாருக்கும் இருக்கிற ஒன்றுக்கு யார்தான் பயப்படுவார்கள்?

ஒருவர் பயந்தார். கடைசியாக, இந்தச் சோதனை எவ்வளவு திறம் என்று காட்டுவதற்காக, நோயில்லாத ஆளுக்கு ஒளிராது என்று சொல்லிக்கொண்டே மனேச்சர் தானும் துப்பினார்.

ஒளிர்ந்தது.

அவர் சிரட்டையைத் திருப்பிப் பார்த்தார். வேறு சிரட்டையில் துப்பினார். பிறகு அவருடைய வாயிலிருந்து, ஊர் அறிந்த நாள்முதல் முதன்முறையாக, ஒரு வசனமும் வரவில்லை. சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பாயில் படுத்துவிட்டார்.

சனம் கலைந்தபின் இரஞ்சிதம் ஒரு சிரட்டையைக் கழுவி, அதில் கிணற்றுத் தண்ணியை வார்த்து, மஞ்சள்சாயத்தை விட்டு, நீல வெளிச்சத்துக்குள் வைத்தாள். அதே பச்சை. ஒருவரும் துப்பாத சுத்தமான தண்ணி. லாபிர் குனிந்து பார்த்தார்.

"பிள்ளை, கிணத்துக்கும் புற்றுநோயோ?"

"இல்லை, லாபிர் நானா. மஞ்சள்தான் ஒளிருது" என்றாள் இரஞ்சிதம். "உங்களிட்ட ஒண்டு கேக்கவேணும். புதன்கிழமை சித்தப்பாவுக்குப் பிறகு கடைக்கு ஆர் வந்தது?"

லாபிர் யோசித்தார். வீரகத்தி வந்தார், புகையிலை வாங்கினார். இரஞ்சிதம் நேரே வீரகத்தி வீட்டுக்குப் போனாள். புகையிலை முடிந்திருந்தது, சுற்றிய தாள் உப்புச் சட்டிக்கு மூடியாகக் கிடந்தது. ஈரத்தை ஒற்றிவிட்டு வாசித்தாள். ஆனால், நலமாக இருக்கும் மனிதர்களின் குருதிநீரிலும் அதே ஒளிர்வு காணப்பட்டது என்று தொடங்கியது அது. வளர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குச் சிறுவயதிலேயே இந்த வைரசு தெரியாமல் வந்து, பிறகு உள்ளே சும்மா கிடக்கிறது. இளவயதில் வந்தால் சிலருக்குக் காய்ச்சலும் கழுத்து வீக்கமும் வந்து, சில கிழமைகளில் மாறிவிடும். புற்றுநோய்க்கும் இதற்கும் உள்ள தொடர்பை இன்னும் ஆராய்கிறார்கள். இரஞ்சிதம் அந்த உப்புப் பிடித்த தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்து அழுதாள். புதன்கிழமை தொடங்கி அடக்கி வைத்திருந்த அழுகை.

ஓடிவந்து சின்னம்மாவிடம் கொடுத்தாள். பத்மாசனி எழுத்துக் கூட்டிக் கடைசி எழுத்துவரைக்கும் வாசித்தா, விளம்பரமும் சேர்த்து. பிறகு நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டா. சித்தப்பாவிடம் காட்டுவோம், கையெழுத்து வைப்பார் என்று இரஞ்சிதம் துடித்தாள். பத்மாசனி தலையை ஆட்டினா.

"வேண்டாம் பிள்ளை. இதைக் காட்டினால் எழும்பிடுவார். எழும்பினால் கதைப்பார். முதல்ல கையெழுத்து."

பாயில் கிடந்தவரோ அதற்கிடையில் பெரிய வேலையில் இருந்தார். தன் அஞ்சலிக் கூட்டத்துக்கு யார் தலைவர், யார் நன்றியுரை என்று தீர்மானித்துவிட்டு, ஊரில் ஒருவருக்கும் ஒழுங்காகப் பேச வராதபடியால் அஞ்சலியுரையைத் தானே எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு நிமிட மௌனத்துக்குப் பொருள் என்ன என்று அதில் ஒரு பந்தி வந்தது. பார்க்க வந்தவர்களிடம், தனக்குள் இந்த நிமிடம் வைரசு எந்தப் புரதத்தைச் செய்துகொண்டிருக்கிறது என்பதை விரல்விட்டுச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பருப்பில்லாத கஞ்சியோடு பத்மாசனி பக்கத்தில் போய் இருந்தா. பிணைமுறியும் பேனையும் கையில் இருந்தன.

"நீங்கள் இப்பிடிக் கிடக்கேக்க வீட்டில ஒரு நேர்ஸ் இருந்தால் நல்லதெல்லோ" என்றா.

"படிப்பு மூண்டு வருசம். எனக்கு மூண்டு மாதம்கூட இல்லை."

"அப்ப மூண்டு வருசம் பொறுங்கோ. அதுக்கிடையில ஒண்டும் செய்துபோடாதையுங்கோ."

மனேச்சர் பெண்சாதியைப் பார்த்தார். அவவின் முகத்தில் சிரிப்பில்லை. "அக்காவுக்கும் ஒரு நேர்ஸ் பக்கத்தில இருந்திருந்தால்" என்று தொடங்கி, பத்மாசனி நிறுத்திவிட்டா. பாயில் கிடந்தவர் சுவர்ப்பக்கம் திரும்பினார். அப்படிக் கிடந்தபோது அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல எழுதவும் மாட்டேன். பிறகு கையை நீட்டிப் பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தார். இதுதான் என் கடைசிக் கையெழுத்து என்றும் சொல்லி, கீழே நேரத்தையும் குறித்தார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணி பஸ் சந்தியைத் தாண்டி, அதன் தூசியும் அடங்கியபிறகு பத்மாசனி வீட்டுக்கு வந்து, இடுப்பிலிருந்த தாளை எடுத்துப் புருசனின் நெஞ்சில் வைத்தா. அவர் வாசித்தார். பாதி வாசித்ததும் எழும்பி இருந்தார். வேட்டியை இறுக்கிக் கட்டினார். நெத்தலிக் குழம்பு வைக்கச் சொன்னார். விறாந்தையில் போய் நின்று, வயலுக்குப் போய்க்கொண்டிருந்த வீரகத்தியைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"எல்லாருக்கும் ஒளிரும், விளங்குதோ? நான் அப்பவே சொன்னனான்."

வீரகத்தி ஓம் என்றார். கோழியைத் திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்பதுதான் அவருக்குப் பயம்.

இரண்டு கிழமையில் இரஞ்சிதத்தின் கடிதம் வந்தது, இரண்டு தாளில். முதல் தாளில், டொக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, இது ஆறி வருகிற வீக்கம் என்று எழுதித் தன்னைச் சேர்த்துக்கொண்டதாக இருந்தது. இரண்டாம் தாளில், கிணற்றுத் தண்ணிச் சிரட்டையைப்பற்றி அவரிடம் சொன்னதாகவும், அவர் சிரித்துப்போட்டு, எந்தச் சோதனைக்கும் நோயில்லாத சிரட்டை ஒன்றைத்தான் முதலில் வைத்துப் பார்க்கவேண்டும், உன் ஊரில் அதை யார் சொல்லித் தந்தது என்று கேட்டதாகவும் எழுதியிருந்தாள். மனேச்சர் முதல் தாளை ஊருக்கெல்லாம் வாசித்துக் காட்டினார். இரண்டாம் தாளைப் பத்மாசனி அலுமாரிக்குள், கமலாசனியின் படத்துக்குப் பின்னால் வைத்தா.

இவ்வளவும் கேட்டபிறகு, வாசகரே, உங்களை நான் ஒன்று கேட்கட்டுமா? மேலே மஞ்சளும் ஸ்பிரிட்டும் வந்த இடத்தில், அல்லது வைரசு புரதம் செய்கிற இடத்தில், உங்கள் தொண்டைக்குள் "அது அப்பிடியில்லை" என்று ஒன்று மெல்ல எழும்பிப் பார்த்ததா? பக்கத்தில் இருக்கிறவரைக் கூப்பிட்டு விளங்கப்படுத்தவேண்டும் போல இருந்ததா? பயப்படவேண்டாம். வளர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு உள்ளது அது. சும்மா கிடக்கும்வரை ஒரு தீங்கும் செய்யாது. உங்களிடம் அப்படி ஒன்றும் கிடையவே கிடையாது என்கிறீர்களா? நல்லது, நானும் நம்புகிறேன். இந்தப் பக்கமும் ஒருநாள் லாபிரின் கடைக்குப் போய் மிளகாய் சுற்றப்போகிறது, அதற்கு முதல் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அந்த இனமில்லை. ஆனால்